ப்ளாக் இல்லாத பனியன் கம்பெனி வெப்சைட்டுக்கு 'பேக்லிங்க்' கிடைக்குமா? திருப்பூர் நிறுவனங்கள் தெரிஞ்சுக்க வேண்டியவை

திருப்பூர் வேலம்பாளையம் பக்கம் இன்று பல பனியன் கம்பெனிகளுக்கு வெப்சைட் இருக்கிறது. 'எங்களைப் பற்றி', 'தயாரிப்புகள்', 'தொடர்புக்கு' என மூன்று பக்கம், நாலு மெஷின் போட்டோ. கம்பெனி பெயரை அடித்து கூகுளில் தேடினால் தளம் வந்துவிடும். ஆனால் கம்பெனி பெயரே தெரியாத ஒரு பையர், 'திருப்பூரில் ஆர்கானிக் காட்டன் டி-ஷர்ட் தயாரிப்பவர்' என்று ஆங்கிலத்தில் தேடினால், அந்தத் தளம் பத்தாவது பக்கத்தில்கூட இருக்காது.

காரணம் கேட்டால் வெப்சைட் போட்டுக் கொடுத்தவர் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "பேக்லிங்க் இல்ல சார். ப்ளாக் ஆரம்பிச்சு வாரம் ரெண்டு கட்டுரை போடணும்." காலையில் நூல் விலை, மதியம் சாயப்பட்டறை, சாயந்திரம் ஷிப்மென்ட் என்று ஓடுபவருக்கு வாரம் 2 கட்டுரை எழுத எங்கே நேரம்? அந்த இடைவெளியில்தான் வாட்ஸ்அப்பில் அடுத்த மெசேஜ் வருகிறது: '500 பேக்லிங்க், கூகுளில் நம்பர் ஒன், கேரண்டி.'

ப்ளாக் எழுதாமல் பேக்லிங்க் கிடைக்குமா? காசு கொடுத்து வாங்கினால் என்ன ஆகும்? வாங்காமல் சம்பாதிப்பது எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்காவின் 50 சதவீத வரி 2025 ஆகஸ்ட் 27-ம் தேதி அமலுக்கு வந்தபோது, அமெரிக்க ஆர்டரை மட்டுமே நம்பியிருந்த திருப்பூர் கம்பெனிகள் ஆட்டம் கண்டன. அதற்கு ஒரு மாதம் முன்பு, ஜூலை 24-ம் தேதி, இந்தியாவும் பிரிட்டனும் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஒரு பக்கம் கதவு இறுகியது, இன்னொரு பக்கம் திறந்தது. பெரிய கம்பெனிகளுக்கு வெளிநாட்டில் ஆபீஸ் உண்டு, ஏஜென்ட் உண்டு. சின்ன ஏற்றுமதியாளருக்கு அது கிடையாது. புது நாட்டு பையர் அவரைத் தேடி வர இருக்கும் செலவில்லாத வழிகளில் ஒன்று கூகுள். அங்கே பெயர் வரவில்லை என்றால், இருக்கிற ஒன்றிரண்டு பையர் சொல்லும் விலைக்கே ஒத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பேக்லிங்க் என்றால் என்ன?

வேறொருவரின் இணையதளத்தில், நம் தளத்துக்கு வரும்படி வைக்கப்படும் இணைப்புதான் பேக்லிங்க். அதைத் தொட்டால் நம் தளம் திறக்கும். அவ்வளவுதான்.

இதற்கு ஏன் இவ்வளவு மதிப்பு? 1998-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த லாரி பேஜ், செர்ஜி பிரின் இருவரும் 'பேஜ்ரேங்க்' என்ற முறையை வெளியிட்டனர். ஆராய்ச்சி உலகில் ஒரு கட்டுரையைப் பலர் மேற்கோள் காட்டினால் அது முக்கியமான கட்டுரை என்று எடுத்துக்கொள்வார்கள். அதே கணக்கை இணையப் பக்கங்களுக்குப் போட்டதுதான் அவர்களின் யோசனை. அதிலிருந்து பிறந்ததுதான் கூகுள்.

திருப்பூருக்கு இது புது விஷயமே இல்லை. புதிதாக ஊருக்கு வரும் பையர், நல்ல சாயப்பட்டறை எது என்று போர்டைப் பார்த்து முடிவு செய்வதில்லை. நூல் வியாபாரியைக் கேட்பார், செக்கிங் யூனிட்டைக் கேட்பார், ஏற்கெனவே வேலை கொடுத்தவரைக் கேட்பார். மூன்று பேரும் ஒரே பெயரைச் சொன்னால் அங்கே போவார். கூகுளும் கிட்டத்தட்ட அப்படித்தான் விசாரிக்கிறது. பேக்லிங்க் என்பது இணையத்தில் எழுதி வைக்கப்பட்ட சிபாரிசு.

எல்லா சிபாரிசும் ஒரே எடை அல்ல. சொல்பவர் யார், அவருக்கும் இந்தத் தொழிலுக்கும் சம்பந்தம் உண்டா, மனசாரச் சொன்னாரா, காசு வாங்கிக்கொண்டு சொன்னாரா என்பதெல்லாம் கணக்கில் வரும். ஜவுளி சங்கத்தின் தளத்திலிருந்து வரும் ஒரு இணைப்பு, எங்கோ இருக்கும் ஆன்லைன் சூதாட்டத் தளத்திலிருந்து வரும் நூறு இணைப்பைவிடப் பெரிது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பேக்லிங்க் மட்டுமே எல்லாம் அல்ல. தரவரிசைக்கான முதல் 3 காரணங்களில் இணைப்புகள் இப்போது இல்லை என்று கூகுளைச் சேர்ந்த கேரி இல்யெஸ் 2023-ல் ஒரு மாநாட்டில் சொன்னார். ஆனாலும், யாருமே அறிமுகம் செய்யாத ஒரு சின்ன தளத்தை கூகுள் கண்டுபிடிக்கவும் நம்பவும் இணைப்புகள் இன்றும் உதவுகின்றன. கூகுளை விடுங்கள், அந்த இணைப்பைத் தொட்டு ஒரு பையர் நேரடியாகவே வரலாம்.

ப்ளாக் இல்லாவிட்டால் முடியாதா?

முடியும். ப்ளாக் எழுதச் சொல்வதற்குக் காரணம், பயனுள்ள கட்டுரையை மற்றவர்கள் தங்கள் தளத்தில் எடுத்துக்காட்டுவார்கள் என்பதுதான். ஆனால் 'காட்டன் துணி அணிவதன் 5 நன்மைகள்' என்று ஒரு பனியன் கம்பெனி எழுதினால், அதற்கு யார் இணைப்பு கொடுப்பார்கள்? அதுபோல ஆயிரக்கணக்கில் ஏற்கெனவே கிடக்கிறது.

ஒரு தொழிற்சாலையிடம் எழுத்தைவிடப் பெரிய சொத்து ஒன்று உண்டு. அது அதன் தொடர்புகள். சங்கம், சான்றிதழ் அமைப்பு, நூல் மில், மெஷின் கம்பெனி, பையர், கல்லூரி, கண்காட்சி என ஏற்கெனவே பத்துப் பதினைந்து இடத்தில் அந்தக் கம்பெனியின் பெயர் இருக்கிறது. அந்தப் பெயருக்குப் பக்கத்தில் வெப்சைட் இணைப்பு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் பாதி வேலை.

எங்கெங்கே இணைப்பு கிடைக்கும்?

1. சங்கங்களின் உறுப்பினர் பட்டியல்

1990-ல் தொடங்கப்பட்ட திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம், 1978-ல் மத்திய அரசின் ஆதரவுடன் உருவான ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகம் எனும் ஏஇபிசி, உள்நாட்டு உற்பத்தியாளர்களுக்கான சைமா என ஒரு கம்பெனி ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புகளில் உறுப்பினராக இருக்கும். சந்தாவும் வருஷா வருஷம் கட்டியிருப்பார்கள். ஆனால் உறுப்பினர் விவரத்தில் 10 வருஷத்துக்கு முந்தைய போன் நம்பரும் ஜிமெயில் முகவரியும் மட்டும் இருக்கும். வெப்சைட் கட்டம் காலி.

சங்க அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி விவரத்தைத் திருத்தச் சொல்வதற்குப் பைசா செலவில்லை. உறுப்பினர் பட்டியல் இணையத்தில் இருக்கும் அமைப்புகளில் முதலில் இதை முடிக்கலாம்.

2. சான்றிதழ் தரும் அமைப்புகள்

ஆர்கானிக் துணிக்கான 'காட்ஸ்', ரசாயனப் பாதுகாப்புக்கான 'ஓகோ-டெக்ஸ்' போன்ற சான்றிதழ்களுக்குப் பல மாதம் அலைந்து, ஆடிட் முடித்து, பணம் கட்டி வாங்குகிறார்கள். சான்றிதழை ஃப்ரேம் போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டியதோடு சரி. இந்த அமைப்புகள் தங்கள் தளத்திலேயே சான்றிதழ் பெற்றவர்களைத் தேடும் வசதி வைத்திருக்கின்றன. வெளிநாட்டு பையர்கள் சப்ளையர் சொல்வது உண்மையா என்று சரிபார்ப்பதும் அங்கேதான். புது சப்ளையரைத் தேடுவதும் அங்கேதான். நம் விவரத்தில் பெயர், தயாரிப்பு வகை, இணைய முகவரி சரியாக உள்ளதா என்பதைச் சான்றிதழ் கொடுத்த நிறுவனத்திடம் கேட்டுத் திருத்தலாம்.

இப்படிப்பட்ட பட்டியலின் பலம் கொரோனா காலத்தில் தெரிந்தது. 2020-ல் திருப்பூர், கோவை வட்டாரத்தில் பல ஆடை யூனிட்கள் பிபிஇ கவச உடை தைக்கத் தொடங்கின. துணி தேறுமா என்று சோதித்த ஆய்வகங்களில் ஒன்று கோவையில் உள்ள சிட்ரா. தேறிய கம்பெனிகளுக்குத் தனித்தனி குறியீட்டு எண் கொடுத்து, அந்த விவரத்தை யார் வேண்டுமானாலும் சரிபார்க்கும்படி இணையத்தில் போட்டார்கள். அதுவரை வெளியூரில் யாருக்கும் தெரியாத யூனிட்டின் பெயர், நாடு முழுக்க ஆஸ்பத்திரிகள் பார்க்கும் இடத்தில் வந்தது. அதற்காக எந்த யூனிட்டும் கட்டுரை எழுதவில்லை.

3. நூல் கொடுப்பவர், மெஷின் விற்றவர், துணி வாங்குபவர்

ஜெர்மனி, ஜப்பான், தைவான் கம்பெனிகளின் வட்டப் பின்னல் மெஷின்கள் திருப்பூரில் ஓடுகின்றன. மெஷின் விற்பவருக்கும், பேக்டரி சாஃப்ட்வேர் விற்பவருக்கும் 'எங்கள் வாடிக்கையாளர் என்ன சொல்கிறார்' என்று போட ஆள் தேவை. நாலு வரி அனுபவமும் ஒரு போட்டோவும் கொடுத்தால், கம்பெனி பெயரோடு இணைப்பும் வைக்கச் சொல்லலாம். நூல் மில்களும் அப்படித்தான்.

பையர் பக்கமும் வழி இருக்கிறது. ஸ்வீடனின் எச் அண்ட் எம் 2013-ல் தன் சப்ளையர் பட்டியலை வெளியிட்டது. அதன் பிறகு பல பிராண்டுகள் எந்தத் தொழிற்சாலையில் துணி தைக்கப்படுகிறது என்பதைப் பொதுவில் சொல்லத் தொடங்கின. அந்தப் பட்டியல்களை ஒரே இடத்தில் சேர்க்க 2019-ல் ஒரு இணையப் பதிவேடு தொடங்கப்பட்டது. இன்று அதன் பெயர் 'ஓபன் சப்ளை ஹப்'. அதில் உலகம் முழுவதும் உள்ள தொழிற்சாலைகளுக்குத் தனித்தனி அடையாள எண் உண்டு. திருப்பூர் கம்பெனிகள் பலவற்றுக்கு, அவர்களுக்கே தெரியாமல் அதில் ஒரு பக்கம் இருக்கலாம். 'இது எங்கள் தொழிற்சாலை' என்று உரிமை கோரி, விவரங்களைச் சேர்க்க முடியும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பையரின் பெயரையோ லோகோவையோ அவர் அனுமதி இல்லாமல் நம் தளத்தில் போடக்கூடாது. ஒப்பந்தத்திலேயே அதற்குத் தடை இருக்கும். ஒரு இணைப்புக்கு ஆசைப்பட்டு ஆர்டரை இழந்துவிடக் கூடாது.

4. கண்காட்சிகள்

திருமுருகன்பூண்டியில் நடக்கும் நிட்ஃபேர் ஆகட்டும், 2024 பிப்ரவரியில் டெல்லி பாரத் மண்டபத்தில் தொடங்கிய 'பாரத் டெக்ஸ்' ஆகட்டும், ஸ்டால் போடும்போது ஒரு படிவம் நிரப்புவார்கள். அதில் வெப்சைட் கேட்கும் கட்டம் இருக்கும். அவசரத்தில் அதை விட்டுவிட்டால், கண்காட்சித் தளத்தில் கம்பெனி பெயர் மட்டும் வரும், இணைப்பு வராது. ஸ்டாலுக்கு லட்சக்கணக்கில் செலவழித்தவர்கள் இந்த ஒரு வரியை விடக்கூடாது.

5. கல்லூரிகள்

திருப்பூரிலேயே நிஃப்ட்-டீ கல்லூரி இருக்கிறது. கோவை வட்டாரத்தில் டெக்ஸ்டைல் படிப்பு சொல்லித்தரும் கல்லூரிகள் நிறைய. மாணவர்களுக்கு இன்டர்ன்ஷிப், தொழிற்சாலைப் பார்வை, பயிற்சி கொடுக்கும் கம்பெனிகளைக் கல்லூரிகள் தங்கள் தளத்தில் குறிப்பிடுவது வழக்கம். மாணவர்களை உள்ளே விடும்போதே, 'உங்கள் தளத்தில் போடும்போது எங்கள் முகவரியையும் சேருங்கள்' என்று சொல்லி வைக்கலாம்.

6. ஊர்ப் பணிகள்

2015-ல் தொடங்கிய 'வனத்துக்குள் திருப்பூர்' மரம் நடும் இயக்கம் போல, ஊர்ப் பணிகளுக்குக் கம்பெனிகள் கைகொடுப்பது திருப்பூரில் சகஜம். பள்ளிக்கு வகுப்பறை, குளம் தூர்வாருதல், விளையாட்டுப் போட்டி என்று பட்டியல் நீளும். உதவி பெற்றவர்கள் தங்கள் தளத்தில் நன்றி சொன்னால் அது நல்ல அறிமுகம். ஆனால் 'பணம் தர்றோம், லிங்க் போடுங்க' என்று பேரம் பேசினால் அது விளம்பரம் ஆகிவிடும். அப்படிப்பட்ட இணைப்பில் 'ஸ்பான்சர்ட்' என்ற குறியைச் சேர்க்க வேண்டும் என்பது 2019 முதல் கூகுள் சொல்லும் முறை. குறி சேர்த்தால் தரவரிசைக்குப் பெரிதாக உதவாது, ஆனால் சிக்கலும் வராது.

7. செய்தி

2023 பிப்ரவரி 8-ம் தேதி பிரதமர் மோடி நாடாளுமன்றத்துக்கு ஒரு நீல நிற ஜாக்கெட் அணிந்து வந்தார். பிளாஸ்டிக் பாட்டிலை மறுசுழற்சி செய்து தயாரித்த துணி அது. இரண்டு நாள் முன்பு பெங்களூருவில் இந்தியன் ஆயில் நிறுவனம் அவருக்குப் பரிசளித்தது. துணி தயாரித்தது கரூரின் ஸ்ரீ ரெங்கா பாலிமர்ஸ். அந்த வாரம் நாடு முழுக்க ஊடகங்கள் கரூரைப் பற்றிப் பேசின.

எல்லாருக்கும் இந்த வாய்ப்பு அமையாது, உண்மைதான். ஆனால் செய்திக்கான விஷயம் திருப்பூரில் பஞ்சமில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாய ஆலைகள் மூடப்பட்டன. அதன் பிறகு கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் 'ஜீரோ டிஸ்சார்ஜ்' முறைக்கு ஊர் மாறியது. அந்த முறை ஒரு யூனிட்டில் எப்படி வேலை செய்கிறது, ஒரு கிலோ துணிக்கு எவ்வளவு தண்ணீர் ஆகிறது, அதில் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று சொந்தக் கணக்கைச் சொல்லத் தயாராக இருக்கும் கம்பெனியை நிருபர்களும் ஆராய்ச்சியாளர்களும் தேடுகிறார்கள்.

ஏற்கெனவே பெயர் வந்த செய்திகள் இருந்தால், கம்பெனி பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டு கூகுளில் தேடிப் பார்க்கலாம். பெயர் இருந்து இணைப்பு இல்லாத இடங்கள் கிடைக்கும். அந்தத் தளத்துக்குப் பணிவாக ஒரு மெயில் போட்டால் சிலர் சேர்ப்பார்கள், சிலர் மாட்டார்கள். கேட்பதில் நஷ்டமில்லை.

இணைப்பு கொடுக்க ஒரு நல்ல பக்கம் வேண்டாமா?

வேண்டும். ப்ளாக் வேண்டாம் என்றால் தளம் காலியாக இருக்கலாம் என்று அர்த்தமில்லை. ஒருமுறை செய்து வைத்தால் வருஷக்கணக்கில் பயன்படும் பக்கங்கள் இரண்டு மூன்று போதும்.

உதாரணத்துக்கு, ஜிஎஸ்எம் கணக்கு. துணியின் எடையை அளக்கும் வட்ட கட்டர் சரியாக 100 சதுர செ.மீ. துணியை வெட்டி எடுக்கும். அதன் எடையை கிராமில் பார்த்து 100-ஆல் பெருக்கினால் ஜிஎஸ்எம். துண்டு 1.8 கிராம் இருந்தால் துணி 180 ஜிஎஸ்எம். அதேபோல 30-ம் நம்பர் நூல் என்றால், ஒரு பவுண்டு எடையில் 840 கெஜம் கொண்ட 30 சிட்டம் நூல் இருக்கும். நம்பர் கூடக் கூட நூல் சன்னமாகும். வேலம்பாளையத்தில் நிட்டிங் யூனிட் வைத்திருப்பவருக்கு இது தினசரிப் பேச்சு. ஆனால் லண்டனில் புதிதாக டி-ஷர்ட் பிராண்ட் தொடங்கும் ஒருவருக்கு, எந்த ஜிஎஸ்எம் எதற்குப் பொருந்தும், துவைத்தால் எவ்வளவு சுருங்கும் என்பது தெரியாது. அதை ஒரு அட்டவணையாகப் போட்டால், மாணவர்களும் புது பிராண்டுகளும் அந்தப் பக்கத்தை மற்றவர்களுக்குக் காட்டுவார்கள்.

குறைந்தபட்ச ஆர்டர் எத்தனை பீஸ், சாம்பிளுக்கு எத்தனை நாள், சான்றிதழ் எண் என்ன, எதுவரை செல்லும் என்று வெளிப்படையாகச் சொல்லும் பக்கமும் அப்படித்தான். காலாவதியான சான்றிதழின் லோகோவை மட்டும் எடுத்துவிட வேண்டும். பையர் ஒரு நிமிடத்தில் சரிபார்த்துவிடுவார்.

காசு கொடுத்து வாங்கினால் என்ன ஆகும்?

அமெரிக்காவின் பெரிய துணிக்கடைச் சங்கிலிகளில் ஒன்றான ஜே.சி.பென்னிக்கு நடந்தது இதற்கு நல்ல பாடம். 2010 இறுதியில் ஆடை, படுக்கை விரிப்பு, தரைவிரிப்பு என எதைத் தேடினாலும் கூகுளில் அந்தத் தளமே முதலில் வந்தது. எப்படி என்று நியூயார்க் டைம்ஸ் தோண்டிப் பார்த்தது. துணிக்குச் சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் அந்தக் கடைக்கு இணைப்புகள் வைக்கப்பட்டிருந்தன. 2011 பிப்ரவரியில் விஷயம் கூகுளின் கவனத்துக்கு வந்தது. அன்று மாலை 7 மணிக்கு 'லிவிங் ரூம் ஃபர்னிச்சர்' தேடலில் முதல் இடத்தில் இருந்த தளம், 9 மணிக்கு 68-வது இடத்தில் கிடந்தது. இணைப்புகள் தங்களுக்குத் தெரியாமல் வைக்கப்பட்டவை என்று சொன்ன நிறுவனம், தேடல் வேலையைப் பார்த்த ஆலோசனை நிறுவனத்தை நீக்கியது.

அவ்வளவு பெரிய கம்பெனி தாங்கிக்கொள்ளும். சின்ன கம்பெனி?

2012 ஏப்ரலில் 'பென்குயின்' என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து, இப்படிப்பட்ட இணைப்புகளைத் தானாகவே கண்டுபிடிக்கும் வேலையை கூகுள் தொடங்கியது. 2022 டிசம்பர் முதல் 'ஸ்பேம்பிரெயின்' என்ற செயற்கை நுண்ணறிவு இதைச் செய்கிறது. இன்று பெரும்பாலும் நடப்பது, வாங்கிய இணைப்புகளை கூகுள் கணக்கிலேயே எடுக்காமல் விடுவது. அதாவது கொடுத்த காசு வீண். கொஞ்சம் அளவு மீறினால், கூகுள் ஊழியர்களே பார்த்துத் தளத்தின் மீது நடவடிக்கை எடுப்பார்கள். அதிலிருந்து வெளியே வர, ஒவ்வொரு இணைப்பாக நீக்கி, மறுபரிசீலனை விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க வேண்டும்.

ஏமாற்று வேலையை எப்படிக் கண்டுபிடிப்பது? 'நம்பர் ஒன் கேரண்டி' என்று சொன்னால் சந்தேகப்படலாம். அந்த கேரண்டியை யாராலும் தர முடியாது. 'டிஏ 50-க்கு மேல் உள்ள தளங்கள்' என்பார்கள். டிஏ என்பது மாஸ் என்ற தனியார் நிறுவனம் போடும் மதிப்பெண். கூகுள் அதைப் பார்ப்பதில்லை. எந்தெந்தத் தளத்தில் இணைப்பு வரும் என்று முன்கூட்டியே காட்ட மறுத்தால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

'நீ என் லிங்க் போடு, நான் உன் லிங்க் போடுறேன்' என்று 40 கம்பெனிகள் சேர்ந்து ஒருவருக்கொருவர் போட்டுக்கொள்வதும் கூகுள் விதிப்படி தப்பு. உண்மையிலேயே தொழில் உறவு உள்ள நூல் மில்லும் பனியன் கம்பெனியும் ஒருவரை ஒருவர் குறிப்பிடுவதில் பிரச்சினை இல்லை. தரவரிசைக்காக மட்டுமே செய்கிறார்களா என்பதுதான் வித்தியாசம்.

எப்படிக் கேட்பது?

சுருக்கமாக, அவருக்கு வேலை வைக்காத மாதிரி கேட்பது நல்லது. நூல் மில்லின் மார்க்கெட்டிங் அதிகாரிக்கு இப்படி ஒரு மெசேஜ் போதும்:

'வணக்கம் சார். 6 வருஷமா உங்க நூல்தான் வாங்குறோம். உங்க வெப்சைட்டில் வாடிக்கையாளர்கள் பக்கம் பார்த்தேன். எங்க அனுபவத்தை நாலு வரியில் எழுதி, யூனிட் போட்டோவோட அனுப்பியிருக்கேன். சரின்னு பட்டா போடுங்க. கம்பெனி பெயரில் எங்க வெப்சைட் லிங்க் சேர்த்தா உதவியா இருக்கும். நன்றி.'

ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கு மேல் தொந்தரவு செய்யத் தேவையில்லை. இணைப்பு வைக்கும் வார்த்தை கம்பெனி பெயராகவே இருக்கட்டும். 'சிறந்த டி-ஷர்ட் உற்பத்தியாளர் திருப்பூர்' என்று எல்லா இடத்திலும் ஒரே சொற்றொடரில் இணைப்பு வந்தால், அது திட்டமிட்ட வேலை என்று கூகுளுக்குத் தெரிந்துவிடும்.

கிடைத்ததை இழக்காமல் இருப்பது எப்படி?

பலரும் கோட்டை விடும் இடம் இது. வெப்சைட் முகவரி, அதாவது டொமைன், பல நேரம் தளம் போட்டுக் கொடுத்தவரின் பெயரிலும் அவர் மெயிலிலும் பதிவாகியிருக்கும். அவர் தொழிலை விட்டுவிட்டால், அல்லது புதுப்பிக்க மறந்தால், முகவரியே கைவிட்டுப் போகும். 10 வருஷமாகச் சேர்ந்த இணைப்புகள் எல்லாம் காலி மனையைக் காட்டும் கைகாட்டி போல ஆகிவிடும். டொமைன் கம்பெனி உரிமையாளரின் கணக்கில் இருக்கிறதா, எப்போது காலாவதி ஆகிறது என்று இன்றே பார்ப்பது நல்லது.

தளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய பக்கங்களின் முகவரி மாறினால், பழையதைத் தொடுபவர் தானாகப் புதிய பக்கத்துக்குப் போகும்படி '301' என்ற திருப்பிவிடும் ஏற்பாட்டைச் செய்யச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் வருபவருக்கு 'பக்கம் இல்லை' என்றுதான் வரும்.

முகவரி எழுதும் விதமும் முக்கியம். 2011-ல் திருப்பூர் மாநகராட்சியோடு இணையும் வரை 15 வேலம்பாளையம் தனி நகராட்சி. இன்றும் ஒருவர் '15 வேலம்பாளையம்' என்று எழுதுவார், இன்னொருவர் எண்ணை விட்டுவிடுவார், மூன்றாமவர் 'வேலம்பாளையம், திருப்பூர்' என்று எழுதி பழைய கதவு எண்ணைப் போடுவார். சங்கம், சான்றிதழ், கூகுள் மேப், வெப்சைட் எல்லாவற்றிலும் ஒரே பெயர், ஒரே முகவரி, ஒரே போன் நம்பர் இருந்தால்தான் எல்லாம் ஒரே கம்பெனி என்று புரியும்.

எந்தத் தளங்கள் நமக்கு இணைப்பு கொடுத்துள்ளன என்பதை கூகுளின் 'சர்ச் கன்சோல்' என்ற இலவச வசதியில் பார்க்கலாம். தளத்தின் மீது நடவடிக்கை எடுத்திருந்தால் அதுவும் அங்கேயே தெரியும். மாதம் ஒருமுறை திறந்து பார்த்தால் போதும்.

அடிக்கடி எழும் கேள்விகள்

எத்தனை பேக்லிங்க் வேண்டும்?
இத்தனை என்று கணக்கு கிடையாது. போட்டி குறைந்த தேடலில், தொழிலோடு சம்பந்தப்பட்ட பத்து நல்ல இணைப்புகளே வித்தியாசம் காட்டலாம்.

எவ்வளவு நாளாகும்?
சங்கம், சான்றிதழ், கண்காட்சி விவரங்களைத் திருத்தும் வேலை ஒரு வாரத்தில் முடியும். கூகுளில் மாற்றம் தெரியப் பல மாதம்கூட ஆகலாம்.

இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக்கில் போடும் லிங்க் கணக்கில் வருமா?
தரவரிசைக்கு அவற்றை நம்ப வேண்டாம். ஆனால் அதைப் பார்த்து ஆள் வரலாம். அந்த வகையில் லாபம்தான்.

இந்தியாமார்ட்டில் பக்கம் இருக்கிறதே, போதாதா?
விசாரணை வர அது ஒரு வழி. ஆனால் அங்கே ஒரு பையரின் தேவை பல விற்பனையாளர்களுக்குப் போகும்; பேச்சு விலையில்தான் தொடங்கும். சொந்தத் தளத்துக்கு நேராக வருபவர் அந்தக் கம்பெனியைத் தேடி வருகிறார்.

ஜாப் ஒர்க் மட்டும் செய்யும் யூனிட்டுக்கு இது தேவையா?
பவர் டேபிள், பிரிண்டிங், எம்ப்ராய்டரி, காஜா பட்டன் யூனிட்களுக்கு வேலை கொடுப்பவர்கள் பெரும்பாலும் பக்கத்திலேயே இருப்பார்கள். அவர்களுக்கு பேக்லிங்கைவிட, கூகுள் மேப்பில் சரியான இடம், நேரம், போன் நம்பர், நாலு போட்டோ இருப்பதே அதிகம் உதவும். அது இலவசம். நேரடியாக வெளிநாட்டு பையரிடம் பேச வேண்டும் என்று அந்த யூனிட் எப்போது முடிவெடுக்கிறதோ, அப்போது சங்கப் பதிவிலும் சான்றிதழ் பட்டியலிலும் முதல் இணைப்பைத் தொடங்கலாம்.

பேக்லிங்க் வந்தால் ஆர்டர் வந்துவிடுமா?
வராது. விசாரணை வரலாம். அதற்கு அன்றே பதில் போடுவதும், சொன்ன தேதியில் சாம்பிள் அனுப்புவதும்தான் ஆர்டரைத் தீர்மானிக்கும்.